பாட்டுக் கோப்புகளைச் சீராக்குவது: ஒரே படம் நாலு ஆல்பமாக உடைகிறது, தமிழ்த் தலைப்பு கேள்விக்குறியாகிறது

செவ்வழி (கேள்வி)

பாட்டுக் கோப்புகள் மூன்று இடத்தில் கிடக்கின்றன: பழைய கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க், ஒரு வெளி டிஸ்க், போன். மொத்தம் 180 ஜிபிக்குக் கொஞ்சம் கீழே. முக்கால்வாசி தமிழ்த் திரைப்பாடல்கள், 1950களிலிருந்து இன்றுவரை. மீதி கர்நாடகக் கச்சேரிகள். பெரும்பாலும் எம்பி3, கொஞ்சம் சிடியிலிருந்து எடுத்த வேவ், இவை தவிர இன்னும் மாற்றாத கேசட்டுகள் ஒரு பெட்டி. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும்.

எங்கெல்லாம் முட்டுகிறது என்றால்: ஒரே படத்தின் பாடல்கள் போனில் நாலைந்து ஆல்பமாகப் பிரிந்து நிற்கின்றன. தமிழ்த் தலைப்புகளில் சில வெறும் கேள்விக்குறி, சில ஏதோ கிறுக்கல். ஒரே பாட்டு மூன்று நான்கு பிரதி இருக்கிறது. எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது? காரில் பென்டிரைவ் போட்டால் வரிசை தாறுமாறு, தமிழ்ப் பெயரெல்லாம் கட்டம் கட்டமாக. கச்சேரிகளுக்கு ராகம் எழுத ஒரு இடமே காணோம்.

விண்டோஸ்தான் பயன்படுத்துகிறேன். மாதக் கட்டணச் சேவை எதுவும் வேண்டாம், கையில் இருப்பதைச் சீராக்கினால் போதும். எங்கிருந்து தொடங்கலாம்?

வட்டத்தட்டு

எதையும் இப்போது அழிக்காதீர்கள், பெயரும் மாற்றாதீர்கள். 1 டிபி டிஸ்க் ஒன்றில் ‘வரவு’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு, மூன்று இடத்தில் இருப்பதையும் மூன்று துணை ஃபோல்டராக அப்படியே நகலெடுங்கள். பக்கத்தில் ‘நூலகம்’ என்று இன்னொன்று. ஒரு படத்தின் பாடல்கள் முழுதாகச் சரியான பிறகுதான் அது வரவிலிருந்து நூலகத்துக்குப் போக வேண்டும். இந்தக் கட்டுப்பாடு இல்லாமல் தொடங்கினால் சரிசெய்ததும் செய்யாததும் கலந்துபோய், எங்கே விட்டோம் என்பதே தெரியாமல் போகும்.

ஆல்பம் உடைவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். பெரும்பாலான பிளேயர்கள் ஆல்பம், ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்ற இரண்டு டேக்கையும் (டேக் என்பது பாட்டுக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும் விவரம்) சேர்த்துப் பார்த்துத்தான் ‘இது ஒரு ஆல்பம்’ என்று முடிவு செய்கின்றன. ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் காலியாக இருந்தால் பாடகர் பெயரை எடுத்துக்கொள்கின்றன. நம் படங்களில் பாட்டுக்குப் பாட்டு பாடகர் மாறுவதால் உடைந்துவிடுகிறது. எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளில் ஒரு படத்தின் எல்லாப் பாட்டையும் தேர்ந்தெடுத்து இப்படி நிரப்புங்கள்:

ஆல்பம்: படத்தின் பெயர், ஆண்டுடன். ஆண்டைப் பெயரோடு ஒட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘பில்லா’ 1980இல் எம்.எஸ். விஸ்வநாதன் இசையில் வந்தது, 2007இல் யுவன் சங்கர் ராஜா இசையில் வந்தது. தேடும்போதும் ஃபோல்டர் பெயரிடும்போதும் இரண்டும் மோதாமல் இருக்க ஆண்டு வேண்டும்.
ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்: இசையமைப்பாளர்.
ஆர்ட்டிஸ்ட்: அந்தப் பாட்டைப் பாடியவர்கள், இடையில் அரைப்புள்ளி போட்டு.
கம்போஸர்: மறுபடியும் இசையமைப்பாளர். லிரிசிஸ்ட்: பாடலாசிரியர்.

இசையமைப்பாளரை இரண்டு இடத்தில் எழுதுவது வீண் வேலை போலத் தோன்றும். பயன் எங்கே என்பதற்கு ஒரு உதாரணம். விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையர் 1965இல் பிரிந்தார்கள். அதற்கு முந்தைய படங்களுக்கு ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் இரட்டையர் பெயர், பிந்தைய படங்களுக்கு எம்.எஸ்.வி. மட்டும். ஆனால் கம்போஸரில் இருவரையும் தனித்தனியாக எழுதிவைத்தால், எம்.எஸ்.வி. என்று தேடும்போது இரண்டு காலமும் சேர்ந்தே வரும்.

எழுத்துக்கூட்டல்தான் நாள்பட வதைக்கும். ‘சௌந்தரராஜன்’, ‘சௌந்தர்ராஜன்’, ‘டி.எம்.’, புள்ளிக்குப் பின் இடைவெளி விட்ட ‘டி. எம்.’: மென்பொருளுக்கு இவை நான்கு வெவ்வேறு பாடகர்கள். பாடகர், இசையமைப்பாளர், பாடலாசிரியர் பெயர்களுக்கு ஒரு சாதாரண உரைக்கோப்பில் பட்டியல் வைத்து அதிலிருந்தே வெட்டி ஒட்டுங்கள். கையால் தட்டச்சு செய்யாதீர்கள்.

டேக்கைத் திருத்தியும் போனில் பழைய பெயரே வருகிறது என்றால், அந்த எம்பி3க்குள் ஏப் என்ற இன்னொரு வகை டேக்கும் ஒளிந்திருக்கலாம். எம்பி3டேக்கின் அமைப்புகளில் டேக் பகுதியில் எம்பெக் என்ற பக்கம் இருக்கும். அங்கே ஏப் டேக்கை நீக்கும் தேர்வைப் போட்டுவிட்டு, எழுதுவது ஐடி3 2.3 (எம்பி3யின் வழக்கமான டேக் வடிவம்), யூடிஎஃப்-16 (தமிழும் அடங்கும் யூனிகோடு முறை) என்று இருக்கிறதா பாருங்கள். 2.4 புதியதுதான், ஆனால் பழைய கார் ஸ்டீரியோக்களும் பழைய விண்டோஸும் அதில் தடுமாறும்.

எழுத்தாணி

தமிழ் எழுத்து விவகாரத்தை மட்டும் சொல்கிறேன். நீங்கள் பார்ப்பது மூன்று வேறு நோய்கள், மருந்தும் வேறு வேறு.

வெறும் கேள்விக்குறிகள்: தரவு போய்விட்டது. தமிழ் எழுத்தே இல்லாத குறியேற்றத்தில் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) ஏதோ ஒரு மென்பொருள் சேமித்திருக்கிறது. இதை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. கோப்புப் பெயரில் தலைப்பு இருந்தால் அதிலிருந்து டேக்குக்கு மாற்றலாம்; எம்பி3டேக்கில் அதற்கென்றே தனி வசதி உண்டு. இல்லாவிட்டால் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், இந்த ஜோடி திரும்பத் திரும்ப வந்தால் நல்ல செய்தி. யூடிஎஃப்-8 தமிழை லத்தீன் எழுத்து என்று தவறாகப் படித்திருக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட், முதல் பைட் எப்போதும் ஒன்றே, இரண்டாவது இரண்டில் ஒன்று, அதனால்தான் அதே ஜோடி அடிக்கடி வருகிறது. குறியேற்றத்தை மாற்றிப் படிக்கவைத்தால் பெரும்பாலும் திரும்பிவிடும்.

அந்த ஜோடி இல்லாத கிறுக்கல் என்றால் அது யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு அல்லது குறியேற்றம்: பாமினி, தாப், டிஸ்கி போன்றவை. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளின் கோப்புகளில் வரும். தலைப்புகளை ஒரு உரைக்கோப்பாக ஏற்றுமதி செய்து, என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் எந்தக் குறியேற்றம் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். சரியானதைத் தொட்டதும் தமிழாகிவிடும். பிறகு ‘கா’வுக்கு வர வேண்டிய துணைக்கால் ‘ர’ ஆக இருக்கிறதா என்று கண்ணால் ஒருமுறை பாருங்கள். திரையில் வித்தியாசம் தெரியாது, தேடலில் சிக்காது.

ஐடி3 முதல் பதிப்பை அடியோடு நீக்கிவிடுங்கள். அதில் தலைப்புக்கு 30 பைட்தான் இடம். தமிழுக்குப் பத்து குறியீடு, அதாவது ஆறேழு எழுத்து.

கோப்புப் பெயர்களை ஆங்கில எழுத்தில் வையுங்கள், டேக்கைத் தமிழில் எழுதுங்கள் என்பது என் உறுதியான கருத்து. லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட் எல்லை. தமிழில் 85 குறியீட்டோடு நின்றுவிடும், மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் தனித்தனிக் குறியீடு. விண்டோஸில் இதே எல்லை 255 குறியீடு. பாட்டு, பாடகர், படம் என்று நீளமாகப் பெயரிட்ட கோப்பு விண்டோஸில் நன்றாக இருக்கும். வீட்டுச் சேமிப்புப் பெட்டிக்கு நகலெடுக்கும்போது பிழை காட்டும், ஏனென்றால் அந்தப் பெட்டிகளுக்குள் இருப்பது பெரும்பாலும் லினக்ஸ். மேக்கிலும் ஒரு சிக்கல். ‘கோ’வில் உள்ள ஓகாரத்தை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். பழைய மேக் டிஸ்குகள் பெயரை இரண்டாகப் பிரித்தே சேமிக்கும். அங்கிருந்து ஒத்திசைத்தால் பார்வைக்கு ஒரே பெயரில் இரண்டு கோப்பு வந்து நிற்கும்.

வட்டத்தட்டு

கோப்புப் பெயர் விஷயத்தில் எழுத்தாணியோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆங்கில எழுத்தில் எழுதினால் ழ, ள, ல மூன்றும் ஆளுக்கொரு விதமாக ஆகும், மறுபடி அதே எழுத்துக்கூட்டல் குழப்பம். தமிழிலேயே வைத்து, பெயரில் தட எண்ணும் பாட்டின் முதல் இரண்டு மூன்று சொற்களும் மட்டும் போடலாம். படமும் பாடகரும் ஃபோல்டரிலும் டேக்கிலும் இருக்கின்றனவே. 85க்குள் தாராளமாக அடங்கும். ஆனால் மேக்கும் சேமிப்புப் பெட்டியும் கலந்து பயன்படுத்தும் வீட்டுக்கு அவர் சொல்வதுதான் பாதுகாப்பு.

அடுத்து, பிரதிகள். கோப்பின் அளவையோ ஹாஷையோ (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) வைத்துத் தேடிப் பயனில்லை; ஒரு எழுத்து டேக் மாறினாலே கோப்பு வேறாகிவிடும். ஒலியையே ஒப்பிடும் கருவி வேண்டும். ச்காவ்கா இலவசம், அதில் இசைப் பகுதிக்குள் ஒலி உள்ளடக்கத்தை வைத்துத் தேடும் தேர்வு இருக்கிறது. பிரதிகள் அகப்பட்டதும் எந்தக் கோப்பு மேல் என்பதை பிட்ரேட்டை (நொடிக்கு எத்தனை கிலோபிட்) மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 128ஐ எடுத்து 320ஆக மறுபடி சுருக்கிய கோப்புகள் ஏராளம். அது அளவில் பெரிது, தரத்தில் 128ஐவிடக் கீழே. ஸ்பெக் என்ற சிறு கருவியில் திறந்து நிறமாலையைப் பாருங்கள். 320 என்று எழுதியிருந்தும் 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல நேர்கோடு தெரிந்தால் மூலம் 128தான். உண்மையான 320 சாதாரணமாக 20 வரை போகும்.

இதை 1960களின் பாட்டுக்கும் கேசட் பதிவுக்கும் அப்படியே பொருத்தக் கூடாது. அவற்றில் 10, 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியே குறைவு. அங்கே ஒலி மெல்ல மங்கி மறையும், நேர்கோட்டு வெட்டு இருக்காது. வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

பழைய மோனோ (ஒற்றைத் தட) பாட்டுகளுக்கு எதிரொலி சேர்த்துச் செயற்கை ஸ்டீரியோவாக்கிய வெளியீடுகளும் உங்கள் பிரதிகளில் இருக்கும். இரண்டில் எது மூலம் என்று சந்தேகம் வந்தால் அடாசிட்டி என்ற ஒலித்திருத்தும் மென்பொருளில் இடது, வலது தடங்களைப் பிரித்து, ஒன்றைத் தலைகீழாக்கி, இரண்டையும் கலந்து பாருங்கள். உண்மை மோனோ என்றால் ஏறத்தாழ மௌனம்; செயற்கை என்றால் எதிரொலி மட்டும் மிஞ்சிக் கேட்கும். மோனோவையே வையுங்கள். குரலும் தபலாவும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும்.

வேவ் கோப்புகளை ஃப்ளாக் என்ற வடிவத்துக்கு மாற்றுங்கள். ஒலி ஒரு பிட் கூட மாறாது, அளவு பாதிக்குப் பக்கமாகக் குறையும், டேக்கும் ஒழுங்காக நிற்கும். எம்பி3யை மட்டும் ஃப்ளாக்காக மாற்றாதீர்கள். தரம் ஏறாது, இடம்தான் போகும், பின்னால் எது உண்மையான ஃப்ளாக் என்று உங்களுக்கே தெரியாது.

தம்புரா

கச்சேரிக்குத் திரைப்பாடல் வழி ஒத்துவராது. எனக்குத் தெரிந்து நன்றாக வேலை செய்யும் ஏற்பாடு இது.

ஒரு கச்சேரி ஒரு ஆல்பம். ஆல்பம் பெயரில் ஆண்டு, இடம் அல்லது சபா. ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் பிரதானக் கலைஞர். ஆர்ட்டிஸ்டில் அவரோடு வயலின், மிருதங்கம், கடம் வாசித்தவர்கள். கம்போஸரில் வாக்கேயக்காரர் (பாடலை இயற்றியவர்), தியாகராஜர், தீக்ஷிதர், சியாமா சாஸ்திரி என்று பெயரை ஒரே வடிவில். ராகம், தாளம் இரண்டுக்கும் நீங்களே புதிய டேக் உருவாக்கலாம். ஃப்ளாக்கில் எந்தப் பெயரிலும் களம் சேர்க்க முடியும், எம்பி3யிலும் பயனர் வரையறுக்கும் களம் உண்டு. ஃபூபார்2000 என்ற பிளேயரில் அவற்றைப் பத்தியாகக் காட்டி, ராக வாரியாக வரிசைப்படுத்தலாம். போன் பிளேயர்கள் அநேகமாக இந்தக் களங்களைக் காட்டாது, அதனால் தலைப்பிலும் ‘கிருதி – ராகம் – தாளம்’ என்று சேர்த்து எழுதுங்கள்.

காம்போதி, காம்போஜி, சங்கராபரணம், ஸங்கராபரணம், கரகரப்பிரியா, கரஹரப்ரியா. எதுவானாலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள். எழுபது எண்பது ராகங்களுக்குப் பட்டியல் போட்டால் கச்சேரிகளில் வருவதில் பெரும்பகுதி அடங்கிவிடும்.

பிரதி தேடும் கருவியைக் கச்சேரி ஃபோல்டரில் டேக்கை ஒப்பிடும் முறையில் ஓட்டவே ஓட்டாதீர்கள். ஒரே வித்வான் ஒரே கிருதியைப் பத்துக் கச்சேரிகளில் பாடியிருப்பார். கருவிக்கு அவை பிரதிகள், நமக்குப் பத்து வேறு ஆலாபனை, பத்து வேறு நிரவல்.

இரண்டரை மணி நேரக் கச்சேரி ஒரே கோப்பாக இருந்தால் வெட்டாமல் க்யூ கோப்பு எழுதுங்கள். ஒவ்வொரு உருப்படியும் தொடங்கும் நேரத்தை நிமிடம், நொடி, சட்டம் (ஃபிரேம்) என்று குறிக்கும் சிறு உரைக்கோப்பு அது. ஒரு நொடிக்கு 75 சட்டம். தமிழ் சரியாகத் தெரிய யூடிஎஃப்-8ஆகச் சேமியுங்கள். போனுக்காக வெட்டியே ஆக வேண்டும் என்றால், எம்பி3யைத் திறந்து வெட்டி மறுபடி சேமித்தால் மறுபடி சுருங்கித் தரம் போகும். எம்பி3 டைரக்ட்கட் போன்ற கருவி சுருக்காமல் ஃபிரேம் எல்லையில் வெட்டும். எம்பி3யின் ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 26 மில்லிநொடி, அந்தத் துல்லியம் போதும். ஆலாபனைக்கும் கிருதிக்கும் நடுவில் வெட்ட வேண்டாம். பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கும் இடமே சரியான இடம். தனி ஆவர்த்தனத்தைக் கிருதியிலிருந்து பிரிப்பதும் எனக்குச் சம்மதமில்லை.

கேசட்: டெக்கின் லைன் அவுட்டிலிருந்து கம்ப்யூட்டரின் லைன் இன்னுக்குக் கொடுங்கள். மைக் துளைக்குக் கொடுத்தால் ஒலி உடையும், பல கணினிகளில் மோனோவாகவும் ஆகிவிடும். லைன் இன் இல்லாவிட்டால் ஒரு சாதாரண யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் போதும். பல வருடம் சும்மா கிடந்த நாடாவை முதலில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள். நாடாவைத் தலைக்கு அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு விழுந்துபோயிருக்கிறதா பாருங்கள். விழுந்திருந்தால் உச்ச ஒலிகள் வந்து வந்து போகும். டெக்கின் தலைக்குப் பக்கத்தில் ஒரு சிறு திருகு உண்டு, தலையின் சாய்வை அதுதான் மாற்றும். ஒலியை மோனோவாக்கிக் கேட்டபடி அதை மெல்லத் திருப்புங்கள். தம்புராவின் ஜீவாவும் (தந்திக்கடியில் நூல் வைத்து வரும் ரீங்காரம்) வயலின் வில்லின் உரசலும் மிகத் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். கேசட்டுக்குக் கேசட் இது மாறும். இங்கே தவறவிட்ட உச்ச ஒலியை எந்த மென்பொருளும் பிறகு கொண்டுவராது.

பதிவின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். 24 பிட்டில் எடுங்கள். 60 நிமிடக் கேசட் ஒரு பக்கம் 30 நிமிடம். பிறகு சிடி தரத்துக்கு, அதாவது 16 பிட்டுக்கு, மாற்றி வைத்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து வேவாக 600 எம்பி, ஃப்ளாக்கில் அதில் பாதிபோல. இரைச்சல் நீக்கத்தை மூலப் பதிவில் செய்யாதீர்கள், தம்புராவும் சேர்ந்து கரையும். நகலில் வேண்டுமானால் செய்துகொள்ளலாம்.

வேகம் தவறிய பதிவுகள் நிறைய. ஒன்றரைக் கட்டை சுருதியில் பாடுகிற வித்வானின் மற்றப் பதிவுகள் எல்லாம் ஒன்றரையில் இருக்க, இது மட்டும் இரண்டு கட்டையில் இருந்தால் நாடா ஆறு சதவீதம் வேகமாக ஓடியிருக்கலாம். அடாசிட்டியில் ‘வேகம்’ மாற்றும் கட்டளையைப் பயன்படுத்துங்கள். அது சுருதி, காலப்பிரமாணம் இரண்டையும் சேர்த்துச் சரிசெய்யும். ‘சுருதி’ மட்டும் மாற்றும் கட்டளை குரலைக் கெடுத்துவிடும்.

செவ்வழி

எல்லோருக்கும் மிக்க நன்றி. எம்பி3டேக்கில் இரண்டு படங்களைச் சரிசெய்து போனில் ஏற்றினேன், ஒரே ஆல்பமாக வந்துவிட்டது. கார் பென்டிரைவ், பேக்கப் இரண்டும்தான் பாக்கி. நூலகத்தை அப்படியே பென்டிரைவில் போடலாமா?

நான்காம்கியர்

அப்படியே போடாதீர்கள். காருக்கென்று தனி நகல் தயாரியுங்கள்.

பென்டிரைவை ஃபேட்32ஆக ஃபார்மட் செய்யுங்கள். பல கார் ஸ்டீரியோக்கள் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவத்தைப் படிக்காது. 32 ஜிபிக்கு மேற்பட்டதை விண்டோஸின் சாதாரண ஃபார்மட் சாளரம் ஃபேட்32ஆக்க மறுக்கும், ரூஃபஸ் என்ற கருவி செய்துகொடுக்கும். வரிசை தாறுமாறாவதற்குக் காரணம், பல ஸ்டீரியோக்கள் பெயரையோ தட எண்ணையோ பார்ப்பதே இல்லை. பென்டிரைவில் கோப்புகள் எழுதப்பட்ட வரிசையில்தான் பாடும். டிரைவ்சார்ட் என்ற கருவி அந்த வரிசையையே பெயர்ப்படி மாற்றி எழுதிவிடும். பாட்டு சேர்க்கும் ஒவ்வொரு தடவையும் ஓட்ட வேண்டும். ஒரு ஃபோல்டருக்கு எத்தனை கோப்பு, மொத்தம் எத்தனை ஃபோல்டர் என்ற உச்சவரம்பு ஸ்டீரியோவின் கையேட்டில் இருக்கும். கடைசிப் படங்கள் காணாமல் போனால் அங்கே பாருங்கள்.

கட்டங்கள் வருவது ஸ்டீரியோவுக்குள் தமிழ் எழுத்துருவே இல்லாததால். நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: கார் நகலில் மட்டும் டேக்கை ஆங்கில எழுத்தில் வைப்பது. இதை எளிதாக்க, நூலகத்திலேயே தலைப்பு வரிசை, ஆல்பம் வரிசை என்று இருக்கும் ‘சார்ட்’ டேக்குகளில் ஆங்கில எழுத்து வடிவத்தை எழுதிவையுங்கள். கார் நகல் எடுத்ததும் அந்தக் களத்தைத் தலைப்புக் களத்துக்கு நகர்த்த எம்பி3டேக்கில் ஒரே ஒரு செயல் போதும். அட்டைப்படத்தை 500க்கு 500 அளவில், ‘புரோகிரசிவ்’ வகையில்லாத சாதாரண ஜேபெக்காக வையுங்கள். மற்றதைச் சில ஸ்டீரியோக்கள் காட்டாது.

1960களின் பாட்டு முடிந்து புதுப் பாட்டு வந்தால் காது அதிரும். கம்ப்யூட்டரிலும் போனிலும் ரீப்ளேகெய்ன் டேக் (ஒலியளவை எவ்வளவு ஏற்ற, இறக்க வேண்டும் என்று பிளேயருக்குச் சொல்வது) போதும், கோப்பின் ஒலியைத் தொடாது. கார் அதைப் படிக்காது என்றால் கார் நகலில் எம்பி3கெய்ன் ஓட்டுங்கள். 1.5 டெசிபல் படிகளாக, மறுபடி சுருக்காமல் மாற்றும், திரும்பவும் பழையபடி ஆக்கலாம். அது ஏப் டேக் எழுதும் என்பதால் நூலகத்தில் ஓட்டாதீர்கள். வட்டத்தட்டு மேலே சொன்ன அதே தொல்லை வரும்.

பாட்டுப் பட்டியல்களை எம்3யூ8 ஆகச் சேமியுங்கள். 8 இல்லாத பழைய எம்3யூவில் தமிழ்ப் பாதை உடையும். டிஸ்க் எழுத்தோடு தொடங்கும் முழுப் பாதை வேண்டாம், சார்புப் பாதை போட்டால் பட்டியல் எந்த டிஸ்குக்குப் போனாலும் பாடும்.

பேக்கப்புக்கு இரண்டாவது டிஸ்க் ஒன்று வாங்கி மாதம் ஒருமுறை நகலெடுத்து, வேறு வீட்டில் வைக்க முடிந்தால் வையுங்கள். போனோடு ஒத்திசைப்பதைப் பேக்கப் என்று எண்ணாதீர்கள். இங்கே தவறி அழித்தால் அங்கேயும் அழியும். ஒத்திசைக்க சிங்திங் மென்பொருளைப் பயன்படுத்தினால் பழைய பதிப்புகளைக் காக்கும் தேர்வை இயக்கிவிடுங்கள். மெமரி கார்டிலும் பென்டிரைவிலும் ஒரே பிரதி என்று எதையும் விடக் கூடாது, மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தால் அவற்றின் தரவு நலிந்துபோகும்.

டிஸ்க் மெல்லக் கெடுவது வெளியே தெரியாது, கெட்ட கோப்பே பேக்கப்புக்கும் போய்விடும். ஃப்ளாக்கில் ஒலிக்கு மட்டுமான எம்டி5 என்ற ஹாஷ் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. டேக்கை எத்தனை முறை மாற்றினாலும் அது மாறாது. ஃபூபார்2000இன் ஃபைல் இன்டெக்ரிட்டி வெரிஃபையரில் மொத்த நூலகத்தையும் கொடுத்தால் கெட்டதைச் சொல்லிவிடும். எம்பி3யில் அப்படி உள்ளே எதுவும் இல்லை. டேக் வேலை முழுதும் முடிந்த ஃபோல்டர்களுக்கு மட்டும் தனியாக ஒரு செக்சம் (சரிபார்ப்பு எண்) கோப்பு எழுதிவையுங்கள். அதன்பின் ஒரு டேக்கைத் திருத்தினாலும் அந்த ஃபோல்டருக்குப் புதிதாக எழுத வேண்டும்.